கோலுக்குப் பின்னால் ஒரு நாற்காலி

மே 7, புதன்

காலையிலயே அனல். மலைக்கோட்டைப் பக்கம் மேகம் மாதிரி ஒண்ணு தெரிஞ்சுச்சு. கடை திறக்குறதுக்குள்ள அதையும் காணோம்.

ஸ்டெல்லா: கால் வீக்கம் நேத்தவிடக் கம்மி. தலகாணிய உசரமா அடுக்கித்தான் தூங்குனா. மாடிப்படி ஏறவே இல்ல. தண்ணி அளவாத்தான்.

வீக்கம், எடை, குடிச்ச தண்ணி, இத தினமும் எழுதி வைக்கச் சொன்னது டாக்டர், இவளுக்கு இருதய வால்வு சுருங்கிப் போனதால. ரெக்சின் கம்பெனிக்காரன் குடுத்த டைரி சும்மா கெடந்துச்சு. அதுல எழுத உக்காந்தா வீக்கத்தோட கை நிக்க மாட்டேங்குது. எழுதிட்டுப் போவோம். யாரு படிக்கப் போறா.

கடை: தைக்க வந்தது புல்லட் சீட்டு ரெண்டு, ஷேர் ஆட்டோ பின் சீட்டு. கருப்பு நூல் வாங்கணும். ஃபோம் வாங்கணும்.

இன்னிக்கி மனசு சரியில்ல. பஸ் ஸ்டாண்டு தாண்டி வரும்போது பள்ளிக்கூட கிரவுண்டு வாசல்ல பெரிய பேனர். ஸ்டெ. படம். எங்க எடுத்ததோ, ரேஷன் கார்டுக்கு எடுத்த மாதிரி மூஞ்சி வெளிறிப் போயி. கீழ, 'உயிருக்குப் போராடும் வீராங்கனைக்கு உதவிக்கரம் நீட்டுவீர்.' பக்கத்துலயே சிக்கந்தர் பாய் படம். பாய்க்கு ரெண்டு கிட்னியும் போச்சு, டயாலிசிஸ் பண்றாரு, அந்தக் காலத்துல நல்ல ஹாஃப் பேக்காம். ஆட்டக்காரங்கள்ல ஒடம்புக்கு முடியாம கஷ்டப்படுறவங்களுக்காக சனி, ஞாயிறு ஹாக்கி டோர்னமெண்ட். ஸ்டெ. ஆடுன பழைய டீம்தான் நடத்துது. நடத்தட்டும். அதுக்கு இப்படியா ரோட்டுல படம் போடணும்?

ஆட்டோக்காரர் ஒருத்தர் சீட்டு குடுக்க வந்தவரு, "அண்ணே, பேனர்ல இருக்கது உங்க வீட்டம்மாவா?"ன்னாரு. ஆமான்னேன். இன்னொருத்தர் ஒண்ணும் கேக்காமயே கூலிக்கு மேல வச்சுட்டுப் போனாரு. கூப்புட்டுத் திருப்பிக் குடுத்தேன்.

செல்விக்குப் போன் போட்டேன். டீமோட அந்தக் காலத்துக் கேப்டன், இப்ப போலீஸ் ஏட்டு. பேனர எடுக்கலைன்னா நானே கிழிச்சுருவேன்னு சொல்லிட்டேன். அந்தம்மா எதுத்துப் பேசல. "சரிண்ணே, எடுத்துர்றேன்." சாயங்காலம் போகும்போது வெறும் மூங்கில்தான் நின்னுச்சு.

மே 8, வியாழன்

ஸ்டெ. வீக்கம் அதே. எடை கொஞ்சம் கூட. இட்லி ஒண்ணுதான் எறங்குச்சு.

நேத்து நடந்தத செல்வி சொல்லிருக்கும்போல. காலையில காபி வந்துச்சு, பேச்சு வரல. நிவேதாதான் நடுவுல நின்னு தூது. அப்பா, அம்மா மாத்திரை எங்கன்னு கேக்குறாங்க. அம்மா, அப்பா டப்பாவுல இருக்குன்னு சொல்றாங்க. பத்தாவது போற புள்ளைக்கு இது ஒரு வேடிக்கை.

மதியம் சாப்பாட்டுக்கு வந்தேன். ரசம், பீட்ரூட் வெஞ்சனம். தட்ட வச்சுட்டு எதுக்க உக்காந்தா. மூச்சு வாங்க வாங்க, ஆனா கோவமில்லாம சொன்னா. அப்படியே எழுதி வைக்கிறேன்.

"நான் கோல்ல நின்னவங்க. எனக்கு முன்னாடி பத்துப் பேரு ஓடுவாளுக. அவளுக நின்னதாலதான் நான் நிக்க முடிஞ்சுச்சு. அவளுகள்ல எவளுக்காவது முடியலைன்னா நாங்க எல்லாரும் ஊர் ஊராப் போயி ஆடிக் குடுத்துருக்கோம். எத்தனையோ தடவ நான் மண்ணுல விழுந்து எந்திரிச்சுருக்கேன். அப்பெல்லாம் யாரும் யாருக்கும் பிச்ச போடல. இப்ப எனக்குன்னு வர்றப்ப மட்டும் எப்படி அது பிச்சையாகும்?"

நான் சோத்தப் பெசஞ்சுக்கிட்டே இருந்தேன்.

செத்த நேரம் கழிச்சு, "எனக்கும் அந்தப் படம் புடிக்கலதான்"ன்னா.

இதுல கொஞ்சம் சிரிப்பு வந்துருச்சு எனக்கு. அவளுக்கும்.

பரண்ல இருந்து அவ பழைய டிரங்குப் பெட்டிய எறக்குனேன். படம் தேடி. கெடச்சுது. தலைக் கவசத்தக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, முழங்கால் பூராம் செம்மண்ணு, வாய் நெறையச் சிரிப்பு. கல்யாணத்துக்கு முன்னாடி. எனக்குக் கட்டி வச்சப்ப டீம் கலைஞ்சு ஆளுக்கொரு ஊரு போயிருச்சு, இவ மில்லு ஆபீஸ்ல வேலையில இருந்தா. அதனால இந்தப் பொண்ண நான் பாத்ததே இல்ல. ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு இருந்தேன்.

கடைக்குப் பக்கத்து ஃபிளெக்ஸ்காரர்ட்ட குடுத்தேன். எழுத்த மாத்தச் சொன்னேன்: 'எங்கள் கோல்கீப்பருக்காக.' அம்புட்டுத்தான்.

பேகம்பூர் போயி சிக்கந்தர் பாயையும் கேட்டேன், உங்க படத்த மாத்தணுமா பாய்ன்னு. அவரு அதுக்குத்தான் காத்திருந்த மாதிரி, பீரோவுக்குள்ள கையவிட்டு மீச வச்ச படம் ஒண்ணு எடுத்தாரு. "இதப் போடுங்க தம்பி. அதுல நான் மையத்து மாதிரி இருக்கேன்." உசுரோட இருக்கும்போது பொணம்னு சொல்லலாமான்னு அவரு சம்சாரம் உள்ள இருந்து அவரத் திட்டுச்சு.

சாயங்காலம் நானே ஏணி வச்சுக் கட்டுனேன். செல்வி யூனிஃபார்மோட வந்து ஏணியப் புடிச்சுக்கிட்டு நின்னுச்சு. நேத்துப் பேசுனத மனசுல வச்சுக்காதீங்கன்னேன். "எந்தப் பேச்சு?"ன்னுச்சு.

மே 9, வெள்ளி

வெயில் கொடுமை. கரண்ட் ரெண்டு தடவ போச்சு.

ஸ்டெ. நல்லாருக்கா. வீக்கம் இருக்கு, ஆனா முகம் தெளிவு. இருக்காதா பின்ன. வீடு நெறைய ஆளு.

வந்தவங்க, எல்லாம் பழைய டீம்: செல்வி. மதுரையில இருந்து டீச்சர் ரெண்டு பேரு. நெய்க்காரப்பட்டியில இருந்து மகேஸ்வரி, தென்னந்தோப்புக்காரங்க வீட்டு அம்மா. அந்தம்மா வேன்ல ஒரு லோடு எளநீரோட வந்து எறங்குச்சு.

"ஏனுங்கண்ணா, ஸ்டெல்லா எங்கீங்க? மொதல்ல ரெண்டு சீவி அவகிட்டக் குடுங்க."

தண்ணியே அளந்துதான் குடிக்கிறா, எளநீர் கூடவே கூடாதுன்னு சொன்னேன். மகேஸ்வரி அப்படியே வாசப்படியில உக்காந்துருச்சு. பாக்கப் பாவமாப் போச்சு. அப்புறம் அதே, "செரி, நாளைக்கு ஆடற புள்ளைகளுக்காச்சும் ஆகட்டுமுங்க"ன்னு எந்திரிச்சு, நேரா அடுப்படிக்குப் போயி ஸ்டெ.வக் கட்டிப் புடிச்சுக்கிச்சு. ரெண்டு பேரும் அப்படியே நின்னதுல சாம்பார் அடிப் புடிச்சுருச்சு.

பெரிய சிக்கல் ஒண்ணு. பழைய டீமுக்கு கோல்கீப்பர் இல்ல. ஸ்டெ.தான் எப்பவும். மாத்து ஆளா நின்ன பொண்ணு இப்ப துபாய்ல. சீட்டுக் குலுக்கிப் போட்டாங்க, மகேஸ்வரிக்கு விழுந்துச்சு.

"நானெல்லாம் ஃபார்வர்டுங்க. எனக்கு கோல் போடத்தான் தெரியும். தடுக்கறதுக்கு எங்க போறது?"

ஸ்டெ.வோட கால் பேடு பெட்டியிலயே இருந்துச்சு. எலி கடிச்சு ஃபோம் வெளிய. இது என் வேலை. கடைக்குத் தூக்கிட்டுப் போயி பழச உருவி, புல்லட் சீட்டுக்கு வாங்குன ஃபோம வெட்டி வச்சு, மேல கருப்பு ரெக்சின் போட்டு ரெட்டைத் தையல். வார்ப் பட்டையும் புதுசு. ஸ்டெ. பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து, இங்க இன்னும் இறுக்குங்க, முட்டிக்கிட்ட வளையணும்னு சொல்லிக்கிட்டே இருந்தா. கல்யாணமாகி இத்தனை வருசத்துல அவ என் தையல்ல குத்தம் சொன்னது இன்னிக்கித்தான். ஒவ்வொண்ணும் சரியாத்தான் சொன்னா.

எனக்குப் படுக்க எடமில்ல. மொட்டமாடி. கீழ இருந்து சிரிப்புச் சத்தம். ஸ்டெ. இப்படிச் சிரிப்பாளா.

மே 10, சனி

மொத மேட்ச். கூட்டம் நான் நெனச்சதவிட அதிகம். சிலுவத்தூர்ல இருந்தெல்லாம் வந்துருந்தாங்க. வாசல்ல உண்டியல், பக்கத்துல எளநீர்க் குவியல்.

ஸ்டெ.வுக்கும் சிக்கந்தர் பாய்க்கும் மேடையில ரெண்டு சோபா நாற்காலி போட்டிருந்தாங்க. பூவெல்லாம் கட்டி. பாய்க்கும் தண்ணி அளவுதான். ரெண்டு பேரும் மேடையில உக்காந்துக்கிட்டு எளநீர்க் குவியலயே பாத்துக்கிட்டு இருந்தாங்க. பாய் சொல்றாரு, "தங்கச்சி, அந்தப் பக்கம் பாக்காத. பாத்தாலே எடை ஏறும்." மைக்குல கேட்டுருச்சு. கிரவுண்டே சிரிச்சுச்சு.

பழைய டீமுக்கும் மதுரைப் பழைய டீமுக்கும் ஆட்டம். எல்லாம் நாப்பது தாண்டுன அம்மாக்கள். ஓடும்போது பாவம்னு நெனச்சேன், பந்து கெடச்சதும் அந்த நெனப்பு போயிருச்சு. செல்வி ஒரு அடி அடிச்சுச்சு, சத்தம் மட்டும்தான் எனக்குத் தெரிஞ்சுது.

மகேஸ்வரி கோல்ல ரொம்பப் பாடுபட்டுச்சு. பந்து வலது பக்கம் வந்தா இது இடது பக்கம். ரெண்டாவது கோல் விழுந்ததும் ஸ்டெ. மேடைய விட்டு எறங்கிட்டா. யாரும் தடுக்குறதுக்குள்ள பிளாஸ்டிக் நாற்காலி ஒண்ண இழுத்துட்டுப் போயி கோலுக்குப் பின்னால போட்டு உக்காந்தா. நான் பின்னாடியே ஓடுனேன். கத்தாத, டாக்டர் என்ன சொன்னாருன்னு கேட்டேன். கத்த மாட்டேன்னா. அடுத்த நிமிசமே கத்துனா.

"மகேசு, கோட்டுமேல நிக்காத! முன்னாடி ஏறி மறி!"

மகேஸ்வரி ஏறுச்சு. பந்து பேடுல பட்டுத் தெறிச்சுப் போச்சு. என் ரெட்டைத் தையல் தாங்குச்சு. நானும் கை தட்டுனேன்.

அப்புறம் மதுரை டீமுக்கு ஷார்ட் கார்னர் ஒண்ணு, கோல்கிட்ட இருந்தே அடிக்கிற வாய்ப்பு. ஸ்டெ. எந்திரிச்சு நின்னு கத்திக்கிட்டே இருந்தவ, பாதியில நிறுத்திட்டா. திரும்பிப் பாத்தா ஒதடு நீலம் பாஞ்சுருந்துச்சு. நாற்காலியக் கையால தேடுறா, நாற்காலி பின்னாலதான் இருக்கு. நான் புடிச்சுட்டேன்.

செல்வி ஸ்டிக்கப் போட்டுட்டு ஓடியாந்து கார எடுத்துச்சு. ஆஸ்பத்திரி. நுரையீரல்ல நீர். ஆக்சிஜன் வச்சாங்க, ஊசி போட்டாங்க. டாக்டர் என்னையத்தான் திட்டுனாரு. திட்டட்டும். சாயங்காலம் மூச்சு சீராச்சு.

கண்ணத் தொறந்ததும் என் கையப் புடிச்சுக்கிட்டு, "பயந்துட்டீங்களா?"ன்னு கேட்டா. இல்லன்னேன். சட்டையெல்லாம் நனஞ்சுருந்தது அவளுக்கும் தெரியும்.

மூணுக்கு ஒண்ணுன்னு தோத்துட்டாங்களாம். சொல்லல.

மே 11, ஞாயிறு

விடியக் காலம் மழை. கோடை மழை, சடசடன்னு கொட்டி நின்னுருச்சு. மண் வாசனை ஆஸ்பத்திரி வரைக்கும்.

ஸ்டெ. வீக்கம் நல்லாவே எறங்கியிருக்கு. ஆக்சிஜன் எடுத்தாச்சு. படுக்கைய விட்டு எறங்கக் கூடாது, சத்தமாப் பேசக் கூடாது. நாளைக்கி நேரா மதுரைக்கி மாத்துறாங்க. மதுரை டாக்டர் போன்ல பேசிட்டாரு, தள்ளிப் போட முடியாதாம், இந்த வாரமே வால்வு மாத்தணுமாம்.

சின்ன வயசுல வந்த மூட்டுக் காய்ச்சல் விட்டுட்டுப் போனது அந்த வால்வுச் சுருக்கம். அதோடதான் இவ அத்தனை மேட்ச் நின்னுருக்கா. நெனச்சா எனக்கு இப்ப மூச்சு வாங்குது.

காலையிலயே ஆரம்பிச்சுட்டா. பரிசு குடுக்குற நாளு, யாராவது போகணும், நீங்க போங்கன்னு. உன்னைய விட்டுட்டு எங்கயும் போகலன்னேன். நிவே இருக்கா, நர்ஸ் இருக்காங்கன்னா. எனக்கு மேடையெல்லாம் வராதுன்னேன்.

"மேடைக்கி யாரு போகச் சொன்னா. என் நாற்காலி காலியா இருக்கும். அதுல போயி உக்காருங்க."

போனேன். காதுல வயர் மாட்டி, வீடியோ கால். அந்தப் பக்கம் ஸ்டெ. படுத்துக்கிட்டு, நிவே போனப் புடிச்சுக்கிட்டு. கோலுக்குப் பின்னால சேறு. அதே நாற்காலி. சிக்கந்தர் பாயும் மேடைய விட்டுட்டு வந்து பக்கத்துல உக்காந்துக்கிட்டாரு.

இன்னிக்கி காலேஜ் புள்ளைகளோட ஆட்டம். அவளுக ஓட்டம் மான் ஓட்டம். சேத்துல எல்லாரும் சறுக்குறாங்க.

ஸ்டெ. மெதுவாக் காதுல சொல்லுவா, நான் கத்தணும். இதுதான் ஏற்பாடு. மொதல்ல, உங்க மூஞ்சியக் காட்டாதீங்க, பந்தக் காட்டுங்கன்னா. போனத் திருப்புனேன். அப்புறம், மகேச வலது கம்பத்துப் பக்கம் ஒட்டி நிக்கச் சொல்லுங்கன்னா. நான் சொன்னேன். மகேஸ்வரிக்குக் கேக்கல. பாய் சொன்னாரு, "தம்பி, சத்தம் பத்தல." எந்திரிச்சு நின்னேன். எனக்கு இம்புட்டுத் தொண்டை இருக்குன்னு எனக்கே தெரியாது.

ஸ்டெ. "கால ஒட்டி வையிடி எருமை"ன்னா. நான் "மகேஸ்வரி, கால ஒட்டி வைங்க"ன்னேன். அவ "எருமைய ஏன் விட்டீங்க"ன்னா. மகேஸ்வரி திரும்பிப் பாத்து, "அவ அப்படியா சொல்லீருப்பா, முழுசாச் சொல்லுங்கண்ணா"ன்னுச்சு. சொன்னேன். அதுக்கப்புறம் கால் ஒட்டித்தான் இருந்துச்சு.

கடைசிப் பக்கம் காலேஜ் டீமுக்கு ஸ்ட்ரோக் குடுத்துட்டாங்க. ஆட்டத்த நிறுத்தி, கோலுக்கு நேரா பந்த வச்சு, ஒருத்தி மட்டும் அடிப்பா, கோல்கீப்பர் மட்டும் தடுக்கணும். ஸ்டெ. போனுக்குக் கிட்ட வந்து அடிக்கப் போற பொண்ணப் பாத்தா. அவ எடது தோள் எறங்கியிருக்கு, மகேசுக்கு வலது கைப் பக்கம் வரும், கீழதான் வரும், ஆனா இதக் கத்தாதீங்க, போயிச் சொல்லுங்கன்னா. ஓடிப் போயி வலைக்குப் பின்னால நின்னு, "வலது, கீழ"ன்னு சொன்னேன். மகேஸ்வரி தலைய ஆட்டல. கேட்டுச்சா இல்லையான்னே தெரியல.

விசில். அந்தம்மா வலது பக்கம் அப்படியே சேத்துல விழுந்துச்சு. பந்து பேடுல மோதி நின்னுச்சு.

நான் கையில இருந்த போன வானத்துக்குக் காட்டிக்கிட்டுக் குதிச்சுருக்கேன். காதுல நிவே கத்துறா, அப்பா, வானந்தான் தெரியுது, என்னாச்சு, என்னாச்சு. நர்ஸ் ஏதோ திட்டுறது கேட்டுச்சு. ஸ்டெ. சத்தமே காணோம்னு பயந்து போனப் பாத்தா, வாயப் பொத்திக்கிட்டு அழுகிறா.

ஆட்டத்துல தோத்தாச்சு, ரெண்டுக்கு ஒண்ணு. யாருக்கும் அது ஞாபகத்துலயே இல்ல.

அப்புறம் மேடை. பேரச் சொல்லிக் கூப்புட்டாங்க. பாய் அவரு பண உறைய வாங்கிட்டு, பேனர்ல என் படத்தப் பாத்தீங்களான்னு எல்லாரையும் கேட்டுட்டு எறங்குனாரு. ஸ்டெ. பேரச் சொன்னப்ப செல்வி என்னையப் பாத்துச்சு. புதன்கிழமை என்ன பேசுனேன்னு ரெண்டு பேருக்கும் தெரியும். ஏறுனேன். சட்டை பூராம் சேறு. கைய நீட்டி வாங்குனேன். கூசல. மைக்கக் குடுத்துட்டாங்க.

என்ன சொன்னேன்னா, "நான் ஸ்டெல்லாவோட வீட்டுக்காரரு. அவ விளையாண்டு நான் பாத்ததே இல்ல. நீங்கல்லாம் பாத்துருக்கீங்க. அத நெனச்சா எனக்குப் பொறாமையா இருக்கு." மைக்கத் திருப்பிக் குடுத்தேன். எறங்கிட்டேன்.

மே 12, திங்கள்

மதுரை. ஆம்புலன்ஸ்ல பாதி வழி தாண்டுற வரைக்கும் ஸ்டெ. பேசிக்கிட்டே வந்தா. ஸ்ட்ரோக்கப் பத்தித்தான். பிறகு தூங்கிட்டா.

ஆஸ்பத்திரிக் கட்டணம் கட்டியாச்சு. காப்பீடு போக மிச்சத்துக்குச் சரியா வந்துருச்சு. கடை சாவி ஃபிளெக்ஸ்காரர்ட்ட. ஆட்டோ சீட்டு நிக்குது, போன் பண்ணணும்.

மே 15, வியாழன்

விடியும்போதே உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க.

நகையெல்லாம் கழட்டணும்னாங்க. தாலிய அவளே கழட்டி, கர்ச்சீப்புல முடிஞ்சு என் பையில போட்டா. "பத்திரம்"ன்னா. தாலியச் சொன்னாளா என்னையச் சொன்னாளா தெரியல. நேத்து ஃபாதர் வந்து ஜெபம் பண்ணிட்டுப் போனாரு. மகேஸ்வரி மொத பஸ்ஸப் புடிச்சு பழனித் திருநீறோட வந்துருச்சு. "பூசலாமுங்களா?"ன்னு கேக்க, ஸ்டெ. நெத்தியக் காட்டுனா. எந்தச் சாமிய இப்ப வேணாம்னு சொல்ல முடியும்.

வராந்தா. செல்வி லீவு போட்டுட்டு வந்துருக்கு. மதுரை டீச்சரம்மாக்களும். வரிசையா உக்காந்துருக்கோம். யாரும் ஹாக்கி பேசல.

எனக்கு முன்னாடி இத்தனை பேரு.

மதியத்துக்கு மேல டாக்டர் வெளிய வந்தாரு. முடிஞ்சுச்சு, புது வால்வு வேலை செய்யுதுன்னாரு. நான் நிவேயத் தேடுனேன். அதுக்குள்ள மகேஸ்வரி அவளத் தூக்கியே விட்டுச்சு. பத்தாவது போற புள்ளைய.

மே 20, செவ்வாய்

வார்டுக்கு மாத்தியாச்சு. ஸ்டெ. கால் வீக்கம்: இல்ல. முதல் தடவையா 'இல்ல'ன்னு எழுதுறேன்.

காலையில ரெண்டு இட்லி. தோள்ல கை வச்சு வராந்தா கடைசி வரைக்கும் நடந்தா. நெஞ்சுத் தையலப் பாக்கணும்னா. பாத்துட்டு, உங்க தையல் இதவிட நேரா இருக்கும்னு சொல்லிச் சிரிச்சா, வலி வந்து நிறுத்திட்டா.

மதியம் வார்டு ஓஞ்சு போச்சு. பக்கத்துக் கட்டில்காரங்க கீழ எங்கயோ. ஃபேனும் நின்னுருச்சு, கரண்ட் இல்ல. அப்பத்தான் கேட்டுச்சு. சின்னதா, டிக், டிக், டிக். கைக்கடிகாரமாக்கும்னு மணிக்கட்டக் காதுல வச்சுப் பாத்தேன். அது இல்ல.

ஸ்டெ. கண்ண மூடிக்கிட்டே சொன்னா, "உங்களுக்கும் கேக்குதாங்க? வால்வுதான். இரும்பு வால்வுன்னா அப்படித்தான் இருக்குமாம், டாக்டர் சொன்னாரு. வாழ்நாள் பூராம் கேக்குமாம். ரெண்டு நாளா இதால தூக்கமே இல்ல."

கட்டில்கிட்ட நாற்காலிய இழுத்துப் போட்டு, அவ பக்கத்துல தலைய வச்சேன்.

"கேக்குது. நீ பழகுற வரைக்கும் முழிச்சிரு. நான் இதக் கேட்டுக்கிட்டுத் தூங்குறேன்."

தூங்கிட்டேன்போல. அவ எழுப்பும்போது காபி வந்துருந்துச்சு.